எண்ணெயில் பார்த்த முகம்

எங்கள் லைன் வீடுகளில் போன மாதம் ஒரு குழந்தை பிறந்தது. தகப்பன் என்னோடு சூளை அடுக்குகிறவன், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. எஸ்தர் நர்சம்மா அவன் வீட்டுக்கு வந்து குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் என் வாசலில் நின்றார்.

"கலியமூர்த்தி, நான் சொன்னா நர்சு வேலைக்குச் சொல்றாங்கன்னு வுட்டுடுவாங்க. ஒன் வூட்ல நடந்தத நீ சொல்லு."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. சம்பளம் வாங்கும் வரிசையில் என் பெயரைக் கூப்பிட்டால்கூடக் குரல் எழும்பாமல் கையைத்தான் தூக்குவேன். அதனால் எழுதுகிறேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கப்பு, சாஸர், கரண்டுக்குப் போடும் பியூஸ் கட்டை எல்லாம் சூளைக்குள் அடுக்குவேன். சுடாத சாமானை விரலால் கொஞ்சம் அழுத்தினாலே உதிர்ந்துவிடும். அதனால் என் கை ஆடாது. என்னிடம் உள்ள திறமை அது ஒன்றுதான்.

எனக்குக் கல்யாணம் ஆனபோதே முப்பது தாண்டிவிட்டது. அதற்கப்புறம் பல வருஷம் பிள்ளை இல்லை. என் மனைவி அஞ்சலை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. நான் நாற்பதை நெருங்கும்போது அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. அன்றைக்கு இருவரும் சாப்பிட உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

அஞ்சலைக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் அக்கா வந்தாள். என்னை வளர்த்தவள் அவள்தான். எங்கள் அம்மா போனபோது நான் கைக்குழந்தை. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே மணவறையில் உட்கார்ந்தவள் என்று ஊரில் இன்றைக்கும் அவளைக் கேலி செய்வார்கள். மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடந்த கோடை அது. வீட்டிலேயே, மருத்துவச்சி கையால் பிரசவம் ஆனது. பொம்பளைப் பிள்ளை. அழுகைச் சத்தம் கேட்டு நான் வாசற்படியில் கால் வைத்தேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"வராத தம்பி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா பொறந்த நேரம் செரியில்ல."

சாயங்காலமே கோயில் பக்கம் போய் ஜோசியரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளை பிறந்த நட்சத்திரம் தகப்பன் உயிருக்கு ஆகாதாம். பதினாறு நாள் கழிந்த பிறகு, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் தெரியும் பிள்ளையின் முகத்தைத்தான் தகப்பன் முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நேராகப் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் இது உண்டு. நான் அதுவரை வேறு வீடுகளில் கேள்விப்பட்டதோடு சரி.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்றேன்.

"ஒன்ன நான் ரெண்டாந்தரம் பெத்தெடுக்க முடியாது" என்றாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

எங்களுக்கு ஒரே அறை. நடுவில் அஞ்சலையின் பழைய சேலையைக் கட்டினார்கள். அந்தப் பக்கம் அவளும் பிள்ளையும். இந்தப் பக்கம் நான். பிள்ளை பால் குடிக்கும் சத்தம், விக்கல், தும்மல் எல்லாம் கேட்கும். இத்தனை வருஷம் காத்திருந்ததெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. சேலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அஞ்சலை மெதுவாகப் பேச்சுக் கொடுப்பாள்.

"ஏங்க, முழிச்சிருக்கீங்களா? மூக்கு அப்படியே ஒங்க மூக்குங்க."

"கண்ணு?"

"கண்ணு இன்னும் செரியா தொறக்கலீங்க."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். மறுநாள் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கட்டியது. அக்கா தாய்ப்பாலை விட்டுப் பார்த்தாள். சூடு என்றாள். சூளைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குச் சூடு இல்லாமல் இருக்குமா என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து நான் வேலை முடிந்து வரும்போது சட்டையை வாசலிலேயே கழற்றி உதறிவிட்டு வந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் போரிக் பவுடர் என்று விற்பார்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் அதைக் கரைத்துக் கண் கழுவுவது அப்போது எல்லார் வீட்டிலும் வழக்கம். எங்கள் கம்பெனியில் சாமானுக்குப் பளபளப்பு ஏற்றும் இடம் கிளேஸ் ரூம். அங்கேயும் ஒரு வெள்ளைத் தூள் உண்டு. பார்க்க அதே வெள்ளை, தொட்டால் அதே வழுவழுப்பு. கடையில் பொட்டலமாக விற்பதும் இங்கே மூட்டையில் வருவதும் ஒன்றுதான் என்று பேட்டை முழுக்க நம்பிக்கை. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. பிள்ளைக்குக் கண் ஒட்டிக்கொண்டால் கிளேஸ் ரூமிலிருந்து ஒரு பிடி வரும். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்களுக்கு அடுத்த வீட்டில் உப்பு வாங்குவதைப் போல.

கிளேஸ் ரூமில் வேலை செய்யும் கோவிந்தசாமி என் சிநேகிதன். அவன் மனைவி தனம் நான் கேட்காமலே காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். "எங்க புள்ளைங்களுக்கெல்லாம் இதாண்ணே. ரெண்டு வேள கழுவுங்க, பளிச்சுனு ஆயிடும்" என்றாள். அன்பாகத்தான் கொடுத்தாள். அக்காவும் அன்பாகத்தான் கழுவினாள்.

அன்றையிலிருந்து பிள்ளையின் அழுகை மாறிவிட்டது. பசி அழுகையை நான் அதற்குள் பழகியிருந்தேன். இது வேறு. சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எஸ்தர் நர்சம்மா வந்தார். தாய் சேய் நல விடுதியிலிருந்து சைக்கிளில் வருவார். பிறந்த குழந்தை உள்ள வீடு ஒன்றையும் விடமாட்டார். தொப்புளைப் பார்ப்பார், பிறகு பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கண் இமையைப் பிரித்துப் பார்ப்பார். சீழ் இருந்தால் அது சர்க்கார் சுகாதார ஆபீசுக்குப் போக வேண்டிய சேதி. எந்தத் தெரு, யார் பிரசவம் பார்த்தது, எப்போது சீழ் கண்டது என்று எல்லாம் கேட்டுத் தெரிவிப்பார். ஒரே தெருவில் நாலு பிள்ளைக்குக் கண்ணில் சீழ் வந்தால் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது, அதைத் தேட வேண்டும் என்பது அந்தக் கணக்கு. எங்களுக்கு அது அப்போது புரியவில்லை. வேலைவெட்டி இல்லாமல் கண்ணைப் பார்க்க வருகிறார்கள் என்று கிண்டல் செய்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

நர்சம்மா கை கழுவினார். அஞ்சலைக்குக் காய்ச்சல், எழுந்து உட்கார முடியவில்லை. சீழைப் பார்த்தாலே அக்காவுக்குக் கை நடுங்கியது.

"தலைய யாராவது ஆடாம புடிக்கணும். பெத்தவன் எங்க? நீதான? வாய்யா இப்படி."

"அவன் பாக்கக் கூடாதுங்க" என்று அக்கா குறுக்கே வந்து நட்சத்திரத்தைச் சொன்னாள்.

நர்சம்மா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். நட்சத்திரத்தைப் பற்றி அவர் வாக்குவாதம் செய்யவில்லை. "பாக்கவாணாம். கண்ண மூடிக்கிட்டுப் புடி. எனக்கு ஒன் கைதான் வேணும்" என்றார்.

அக்கா யோசித்துவிட்டு வழி விட்டாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். என் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் என் மகளின் தலையை வைத்தார்கள். அவ்வளவு சூடாக, அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உச்சியில் ஓர் இடம் மெத்தென்று துடித்தது. நர்சம்மா இமையைப் பிரித்துத் தண்ணீர் விட்டார். பிள்ளை வீறிட்டது. என் கை ஆடவில்லை.

"அப்பனுக்கும் மவளுக்கும் சேர்த்து ரெண்டு ஜோடிக் கண்ணு மூடிக் கெடக்கு. நான் யாருக்கு வைத்தியம் பாக்கறது?" என்றார். அக்காகூடச் சிரித்துவிட்டாள்.

ஆனால் அடுத்த நிமிஷம் நர்சம்மாவின் குரல் மாறியது. "இதுக்கு என்னத்த போட்டீங்க?"

அக்கா பொட்டலத்தைக் காட்டினாள். நர்சம்மா விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும். "மாட்டு வண்டி இருந்தா புடி. ஆஸ்பத்திரிக்குப் போவணும், இப்பவே" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்கு விளக்கினார். பிரசவ வழியில் வரும்போது கிருமி பிள்ளையின் கண்ணில் ஒட்டிக்கொள்வது உண்டு. அழுக்குக் கையாலும் துணியாலும்கூட வரும். அதனால் வருவதுதான் சீழ். பிறந்தவுடனே சொட்டு மருந்து விட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வந்த பிறகும், உடனே பார்த்தால் குணமாகும். எங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. கிளேஸ் தூளில் அரைத்த கண்ணாடியும் கல்லும் கலந்திருக்கிறது. அது கருவிழியைக் கீறிவிட்டது. கீறின இடத்தில் கிருமி இறங்கிவிட்டால் பார்வை போகும்.

பிறகு டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, எனக்கோ அஞ்சலைக்கோ மறைவான இடத்து வியாதி ஏதாவது உண்டா என்று கேட்டார். என் காது இரண்டும் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இல்லை என்று தலையாட்டினேன். "வெக்கப்படாதப்பா, எல்லாரையும் கேக்கறதுதான். அந்தக் கிருமியா இருந்தா ஒங்க ரெண்டு பேருக்கும் ஊசி போடணும்" என்றார். சீழைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் பார்த்ததில் அது இல்லை, சாதாரணச் சீழ்க் கிருமிதான் என்று தெரிந்தது. இதைப் படிக்கிற ஆண்கள் அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கேள்வி கொஞ்ச நேரம்தான். பிறகு டாக்டருக்கு அது மறந்துவிடும்.

அஞ்சலையையும் பிள்ளையையும் பெண்கள் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். படுக்கைக்குக் காசு கேட்கவில்லை, கண்ணில் போடும் களிம்பு மட்டும் வெளியே வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். பகலெல்லாம் திரும்பத் திரும்பக் கண்ணைக் கழுவிச் சொட்டு விட்டார்கள். வார்டுக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. கழுவும் நேரத்தில் பிள்ளையை வராந்தா வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் நர்சம்மா வார்டு நர்சிடம் என் கையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். மடியில் பிள்ளையின் தலையை வைப்பார்கள். முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் கண்ணைத் திறப்பேன். என் வேட்டியில் ஈரம் மட்டும் இருக்கும்.

வார்டு ஆயா ஒருத்தி, "இந்த அண்ணன் எப்ப பாத்தாலும் சாமி கும்புடற மாதிரியே உக்காந்துருக்காரு" என்பாள். விஷயம் தெரிந்ததும் அவளே எனக்குக் காவலாகிவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது தூரத்திலிருந்தே, "அண்ணே, மூடிக்கங்க" என்று குரல் கொடுப்பாள்.

முகம் தவிர மற்றதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. உள்ளங்கால் என் கட்டைவிரல் நீளம்தான். பிடரியில் முடி சுழித்திருந்தது, கையால் தடவிப் பார்த்து வைத்திருந்தேன். கண் கழுவும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நான் நிற்கும்போது, அஞ்சலை பிள்ளையைத் தோளில் போட்டு முதுகுப்புறத்தை எனக்குக் காட்டுவாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன். "அது என்னத்தத்தான் பாக்கப்போவுது அஞ்சல?"

"பாக்கும்" என்றாள்.

"பாக்கலைன்னா?"

அவள் பிள்ளையைத் தோளில் இன்னும் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க பாருங்க. அது போதும்" என்றாள். அவளுக்குக் காய்ச்சல் அப்போதும் விடவில்லை. உதடு வெடித்திருந்தது. பிள்ளை வேண்டும் என்று அவள் எத்தனை வருஷம் கேட்டிருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கோவிந்தசாமி என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தான். சூளை வேலை அவனுக்கு வராது, சாமான் உடையும், மேஸ்திரி திட்டுவார், இருந்தும் பார்த்தான். வேலை முடிந்து பன்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு வந்து நிற்பான். என் பக்கம் திரும்பமாட்டான். இரண்டு பேரும் பேசாமல் நிற்போம். ஒரு தடவை மட்டும், "எம் புள்ளைங்களுக்கும் அதையேதான் போட்டேன், கலியா" என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன்.

அதற்குள் சுகாதார ஆபீசிலிருந்து ஆள் வந்து பேட்டையில் வீடு வீடாகப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் இன்னும் சில பிள்ளைகளுக்குக் கண் சிவந்திருந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தார்கள், மருத்துவச்சியின் கையைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பொட்டலத்தை நர்சம்மா கொடுத்த பிறகுதான் கிளேஸ் ரூமுக்குப் போனார்கள். மூட்டையிலிருந்து யாரும் தூள் எடுக்கக் கூடாது என்று கட்டளை ஆயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கு நேரத்தோடு குணமாகிவிட்டது.

வாரம் ஒரு முறை கடலூரிலிருந்து வரும் கண் டாக்டர் பார்த்தார். வலது கண் தப்பிவிடும், இடது கண்ணில் புண், ஆறினாலும் பூ விழலாம் என்றார். கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு படிவதைத்தான் பூ என்கிறோம். "வீக்கம் வடியட்டும். அது தானா கண்ணத் தொறந்து பாக்கற அன்னிக்குத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார்.

பதினாறு கழிந்தது. வீட்டுக்குப் போய் எண்ணெய் பார்க்கலாம் என்றால் டாக்டர் விடவில்லை. வார்டு நர்சிடம் கேட்டு வராந்தாவிலேயே பார்த்துவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள். வெண்கலக் கிண்ணம் எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போனவள், திரும்பும்போது எண்ணெய்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிண்ணம் இருந்த பையைப் பஸ்ஸில் விட்டுவிட்டாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா வராந்தாவில் அழுதுகொண்டு நின்றாள்.

வேப்ப மரத்தடியில் நின்ற கோவிந்தசாமி சைக்கிளை எடுத்தான். திரும்பி வந்தபோது கையில் ஒரு பீங்கான் கிண்ணம். பியூஸ் கட்டைக்குப் போடும் கரும்பழுப்புக் கிளேஸ் போட்டது. தயிருக்கு என்று எப்போதோ அவன் கையால் தோய்த்து எடுத்து வீட்டில் வைத்திருந்தான். அக்காவிடம் நீட்டினான். அக்கா கையை நீட்டவில்லை.

"இவன் கையால வந்ததா?" என்றாள்.

அஞ்சலை வார்டு வாசலில் பிள்ளையோடு நின்றிருந்தாள். "அதுலயே ஊத்துங்க அண்ணி" என்றாள்.

அக்கா ஊற்றினாள். நான் தரையில் உட்கார்ந்து குனிந்தேன். வார்டுப் பெண்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். எண்ணெய் ஆடி அடங்கியது. என் தலைக்கு மேல் அஞ்சலை பிள்ளையைக் குப்புறக் கிடத்திய மாதிரி நீட்டிப் பிடித்தாள். முதலில் கூரை தெரிந்தது, பிறகு துணி, பிறகு முகம்.

மூக்கு என் மூக்குதான். கண் இரண்டும் மூடியிருந்தன.

நான் காத்திருந்தேன். பிள்ளை தூங்குகிறதா, திறக்க முடியவில்லையா என்று தெரியவில்லை. அஞ்சலையின் கை நடுங்கி எண்ணெயில் முகம் நடுங்கியது. பின்னால் யாரோ, "கூப்புடுங்கண்ணே" என்றார்கள். அந்த ஆயாவாகத்தான் இருக்கும். அத்தனை பெண்களுக்கு நடுவில், வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"அம்மாடி. அப்பா வந்துருக்கேன்."

வலது கண் திறந்தது. இடது கண்ணில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. முகம் இடப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பி, திறந்த கண் முன்னால் வந்து, என் குரல் வந்த பக்கம் நின்றது. அந்த வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், வெளிச்சத்தைப் பார்த்திருக்கும் என்று பின்னால் நர்சம்மா சொன்னார். அவர் சொல்வது சரியாக இருக்கும்.

"போதும் தம்பி. நேரா பாரு" என்றாள் அக்கா.

நான் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தால் அது போய்விடும் என்று பயமாக இருந்தது.

இப்போது அவளுக்குப் பாலாம்பாள் என்று பெயர். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். இடது கண்ணில் அரிசி முனை அளவுக்குப் பூ இருக்கிறது, அந்தப் பக்கம் மங்கல்தான். வலது கண் நன்றாகத் தெரியும். நர்சம்மா இந்தத் தெருவுக்கு வந்தால் இன்றைக்கும் அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார். பிள்ளை பெற்றவர்களே, அவர் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். கண்ணில் சீழ் கண்டால் பாலும் விடவேண்டாம், தூளும் போடவேண்டாம், அவரிடம் காட்டுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சாயங்காலம் வேலை முடிந்து நான் தெருமுனையில் திரும்பும்போது பாலா வாசலில் நிற்பாள். தூரத்தில் வருவது நான்தானா என்று தெரிந்துகொள்ள முகத்தை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, வலது கண்ணை முன்னால் கொண்டுவருவாள். அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் அந்த இடத்திலேயே நிற்பேன்.